கணவாயின் இருபுறமும்

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து தென்காசிச் சமவெளியைத் தூறலால் நனைக்கிறது. குற்றாலத்துச் சாரல் அக்காற்றின் கொடை. காற்றுக்கு வழிவிடும் அவ்விடைவெளி, மலைமுகட்டுச் சோலையை விட்டு அகலாத சிறு பறவைகளுக்கோ கடக்கவியலாத அகழியாகும். இம்மலைத்தொடரின் பறவைகளை 1933இல் முறைப்படி ஆய்ந்தவர் சாலிம் அலி.

1896இல் மும்பையில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். பத்து வயதளவில் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டை மஞ்சளாக இருந்தது. அதன் பெயரறிய மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்ற சிறுவனுக்கு, அதன் செயலர் மில்லார்டு பதப்படுத்திய பறவைகளைக் காட்டினார்.

பர்மாவில் நடந்த குடும்பத் தொழிலில் அவர் மனம் ஒட்டவில்லை. பின்னர் அருங்காட்சியக வழிகாட்டியானார். பெர்லினில் பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது அவ்வேலையும் இல்லை. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை நோக்கினார். ஆண்குருவி பாதிக் கூடு கட்டிக் காத்திருக்கும். பெண்குருவி வந்து ஏற்ற பின்னரே அதனை முடிக்கும். உடனே அடுத்த கூட்டையும் தொடங்கிவிடும்! வேலையற்ற காலம் தந்த கண்டுபிடிப்பு இது.

அடுத்து அவர் துணிந்து ஒரு வழி கண்டார். முகாம்செலவை மட்டும் ஏற்றால், ஊதியமின்றிப் பறவைகளை ஆய்ந்து தருவதாகச் சமஸ்தானங்களுக்குத் தெரிவித்தார். ஐதராபாத்தை அடுத்துத் திருவிதாங்கூர் இசைந்தது. செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டதே. மறையூர், மூணாறு, கணவாய்க்கு மேற்கேயுள்ள தென்மலை, ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி என முகாம்கள் இடம்பெயர்ந்தன. இங்கிலாந்தில் பயின்று வசதியாக வாழ்ந்த தெஹ்மினா காட்டு முகாம்களின் இன்னல்களை உவந்து ஏற்றார். அவ்வாய்வுகளின் பெருமையில் பாதி அவருக்கு உரியது என்றே சொல்லவேண்டும்.

பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்துவதே அந்நாளைய ஆய்வுமுறை. இன்று அது நமக்கு உறுத்தலாம்; ஆயினும் இனங்களை ஒப்பிட அன்று வேறு உறுதியான சான்றில்லை. அம்மாதிரிகளை விஸ்லர் என்னும் அறிஞர் ஆராய உதவினார். கட்டுரைகளாக வந்த முடிவுகள் 1953இல் நூலாயின.

1939இல் தெஹ்மினா மறைந்தார். அத்துயரிலும் பணி நிற்கவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய கையடக்க நூலும், பின்னர் ரிப்ளியுடன் எழுதிய பத்துத் தொகுதிகளும் வெளிவந்தன. பத்ம விபூஷண் விருது பெற்ற அவர் 1987இல் காலமானார்.

முப்பதாண்டுகளுக்குப் பின், 2017இல், கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வாழும் நீலநிறச் சோலைக்கிளி தனி இனமென அறிவிக்கப்பட்டது. பெயரில் கிளி இருப்பினும் அது கிளியன்று. வடபுற மலைகளில் வாழும் தன் உறவினத்தோடு கலவாமல் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த சிறு பறவை.