மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்தவர்

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சுமார் 11 கிலோமீட்டர். மேற்கே மலைத்தொடர். ஆனி, ஆடி மாதங்களில் அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் காற்று படாத பாடு படுத்தும்.

மார்பில் அறையும் காற்றைத் தடுக்க, வண்டியின் முன்னால் கண்ணாடி மாட்டிக்கொள்வது உண்டு. மாட்டிய பிறகு புதுத் தொல்லை தொடங்கும். கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று, சுழன்று வந்து தலையில் மோதும். கண்ணாடிக்குப் பின்னால் காற்றின் அழுத்தம் குறைந்து போவதுதான் காரணம். கண்ணாடியின் அடியில் சிறிது இடைவெளி விட்டால், அதன் வழியே காற்று புகுந்து அந்தக் குறையை நிரப்பும். சுழலும் தணியும்.

இதை வீட்டுத் திண்ணையிலேயே, ரம்பமும் அரமும் வைத்துக்கொண்டு செய்து பார்க்கிற இளைஞர்கள் உண்டு. நல்ல வண்டியைக் கெடுக்கிறான் என்று பெரியவர்கள் திட்டத்தான் செய்வார்கள். அப்படித் திட்டு வாங்கத் துணிந்தவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் கோவைப் பக்கத்தில் இருந்தார்.

அவர்தான் ஜி.டி.நாயுடு!

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு வயல் வேலை.

300 ரூபாய் வண்டி

ஒருநாள் அந்தப் பக்கமாக வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற பெயர் கொண்ட இங்கிலாந்து வண்டி. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, ஆனாலும் ஓடுகிறது! பார்த்த இளைஞருக்கு அன்றிலிருந்து அதே நினைப்பு.

நாயுடு கோவைக்குப் போனார். ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த ரட்ஜ் வண்டியையே வாங்கிவிட்டார். அந்தக் காலத்தில் 300 ரூபாய் என்பது சாதாரணத் தொகை அல்ல.

வேறு ஒருவராக இருந்தால் வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வந்திருப்பார். இவரோ அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார்! எந்த உறுப்பு எதை இயக்குகிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். வாத்தியாரும் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. பூட்டத் தெரியாமல் போயிருந்தால் அத்தனை நாள் உழைப்பும் இரும்புக் குவியலாகக் கிடந்திருக்கும்.

பஸ் முதலாளி

1920-ம் ஆண்டு, கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்துகள் கொங்கு நாடெங்கும் தெரிந்த பெயராயின.

பணம் வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. முகம் மழிக்கும் மின்சாரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுற்றும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப்பதிவு எந்திரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். 1936-ல் தேர்தலில் நின்று தோற்றார் என்பதும் உண்மை. 1937-ல், பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே முதல் மின்சார மோட்டாரை உருவாக்கிய பெருமை கோவைக்குக் கிடைத்தது.

கல்லூரியும் காரும்

மூன்றாம் வகுப்பு படித்தவர், 1945-ல் என்ஜினீயரிங் கல்லூரிக்கே முதல்வர் ஆனார்! கோவையில் அவர் முயற்சியால் தோன்றிய அந்தக் கல்லூரிக்கு, அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் வைக்கப்பட்டது. நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டு ஆண்டே போதும், மாணவன் எந்திரத்தைத் தொட்டுப் பழக வேண்டும் என்பது நாயுடுவின் கட்சி. அரசாங்கம் ஒப்பவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பதவியை விட்டு விலகினார். அவர் பிடிவாதக்காரர்தான். ஆனால் ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றியே தொழில் கற்றவர், வேறு எப்படிப் பேசுவார்?

1952-ல் இன்னொரு அடி விழுந்தது. இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். நடுத்தரக் குடும்பமும் கார் வாங்கலாம் என்ற ஆசை பிறந்தது. ஆனால் கார் தயாரிக்க அரசாங்கத்தின் லைசென்சு வேண்டும். அது கிடைக்கவில்லை. செய்யத் தெரிந்த கை இருந்தது. செய்ய அனுமதி இல்லை. அந்தக் கார் கடைசி வரை விற்பனைக்கு வரவே இல்லை.

எந்திரத்தோடு அவர் ஆராய்ச்சி நிற்கவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் புது வகைகளை வளர்த்துப் பார்த்தார். சில மணி நேரத்தில் வீடு கட்டிக் காட்டினார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் பொருட்காட்சி இருக்கிறது. அதே சாலையில் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டு, 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது.