ரொனால்டு ராஸ்

சர் ரொனால்டு ராஸ் (மே 13, 1857 – செப்டம்பர் 16, 1932) மலேரியா நோயைக் கொசுக்களே பரப்புகின்றன என்பதை நிறுவிய பிரித்தானிய மருத்துவர் ஆவார். இதற்காக 1902-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றார். ஐரோப்பாவிற்கு வெளியே பிறந்து நோபல் பரிசு பெற்ற முதலாமவர் இவரே. பாடநூல்கள் இவரை நுண்ணோக்கியோடு மட்டுமே தொடர்புபடுத்துகின்றன. ஆனால் கண்டுபிடிப்பிற்குப் பிந்தைய காலத்தின் பெரும்பகுதியை இவர் செலவிட்டது, மனிதர் வாழும் இடங்களைச் சுற்றித் தேங்கும் நீரில் கொசுவை ஒழிக்கும் வேலைக்கே.

இளமை

இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை இந்தியப் படையில் உயர் அதிகாரி. எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். கவிதை, இசை, கணிதம் ஆகியவற்றில் இருந்த ஈடுபாடு ராசுக்கு மருத்துவத்தில் இல்லை. தந்தையின் விருப்பத்திற்காகவே இலண்டன் புனித பர்த்தலோமியோ மருத்துவமனையில் பயின்றார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

பெங்களூர் நீர்த்தொட்டி

1883-இல் பெங்களூரில் பணியாற்றியபோது, பிறர் அறைகளை விடத் தம் அறையில் கொசுத் தொல்லை மிகுந்திருப்பதை ராஸ் கவனித்தார். சன்னலுக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தபின் தொல்லை பெரிதும் குறைந்தது. படையினரின் உணவு விடுதியைச் சுற்றியிருந்த கலங்களையும் அவ்வாறே அகற்றலாம் என்று மேலதிகாரி ஒருவரிடம் கூறினார். அவரோ அது இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பதாகும் என்று சொல்லி மறுத்துவிட்டார். கொசுவிற்கும் மலேரியாவிற்கும் உள்ள தொடர்பு அப்போது எவருக்கும் தெரியாது. எனினும் ராசின் பிற்காலப் பணிகள் அனைத்திற்கும் வித்து இந்தச் சிறு நிகழ்ச்சியில் இருப்பதாகக் கொள்ளலாம்.

மலேரியா ஆய்வுகள்

மலேரியா ஒட்டுண்ணியை 1880-இல் பிரெஞ்சு மருத்துவர் இலவெரான் கண்டறிந்திருந்தார். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு செல்கிறது என்பது விளங்கவில்லை. 1894-இல் இலண்டனில் பாட்ரிக் மான்சன் இவ்வொட்டுண்ணியை ராசுக்குக் காட்டினார். கொசு நீரில் இறந்து, அந்நீரைக் குடிப்பவருக்கு நோய் தொற்றுகிறது என்பது மான்சனின் கருத்து. இதைச் சோதிக்க, இறந்த கொசுக்கள் கிடந்த நீரை ராஸ் சிலருக்குக் குடிக்கக் கொடுத்தார். இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனையை ஒருபோதும் அனுமதிக்காது. முடிவும் தெளிவாகக் கிடைக்கவில்லை.

செகந்திராபாத்தில் இரண்டு ஆண்டுகள் நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்துப் பார்த்தும் பயனில்லை. அவர் கையாண்டவை மனித மலேரியாவைப் பரப்பாத வகைக் கொசுக்கள் என்பதே காரணம். 1897-இல் நீலகிரியில் உதகமண்டலத்தை அடுத்த சீகூர் மலைப்பாதையில் ஆய்வு செய்யச் சென்றபோது ராசே மலேரியாவிற்கு ஆளானார்.

அவ்வாண்டு ஆகத்து 16 அன்று, உசேன் கான் என்ற நோயாளியைப் புள்ளிச் சிறகுடைய அனாபிலிசு வகைக் கொசுக்கள் கடிக்குமாறு செய்தார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. ஆகத்து 20 அன்று அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டார். இந்நாளே உலகக் கொசு நாளாகக் குறிக்கப்படுகிறது.

சில வாரங்களிலேயே இராசபுதனத்திற்கு மாற்றப்பட்டதால் ஆய்வு தடைப்பட்டது. 1898-இல் கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடிவாய் வழியே பரவுவதை நிறுவினார். குடிநீர்க் கொள்கை இத்துடன் முடிவுற்றது. மனித மலேரியாவில் அனாபிலிசின் பங்கை அதே ஆண்டில் இத்தாலியர் கிராசியும் துணைவர்களும் முழுமையாகக் காட்டினர். இருவருக்கும் இடையே எழுந்த முன்னுரிமைப் பூசல் இருவருக்கும் பெருமை சேர்க்கவில்லை.

கொசுப் படைகள்

1899-இல் ஓய்வுபெற்று இலிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பணியாளர் குழுக்கள் வீடுவீடாகச் சென்று தகர டப்பாக்களை அகற்றுவது, குட்டைகளைத் தூர்ப்பது, வடிகால் வெட்டுவது, தேங்கிய நீரில் எண்ணெய் தெளிப்பது என ஒரு முறையை வகுத்து, அதற்குக் கொசுப் படை என்று பெயரிட்டார். சூயசு கால்வாய்க் கரையிலுள்ள இசுமாயிலியா நகரில் 1902-இல் தொடங்கிய பணி, சில ஆண்டுகளில் அங்கு மலேரியாவை ஏறத்தாழ ஒழித்தது. மாறாக, இலாகூர் அருகே மியான் மீரில் பிறர் நடத்திய சோதனை தோல்வியாக அறிவிக்கப்பட்டது. இதைக் காட்டி இந்திய அரசு தயங்கியதை ராஸ் இறுதிவரை கண்டித்தார். போதிய பரப்பில், போதிய காலம் செய்யப்படவில்லை என்பது அவர் வாதம். 

கொசுக்களை அடியோடு அழிக்கத் தேவையில்லை, ஒரு குறிப்பிட்ட அளவிற்குக் கீழ் குறைத்தாலே மலேரியா தானே மறையும் என்பதை 1908-இல் வெளியான மொரீசியசு அறிக்கையிலும் பின்னர் எழுதிய நூலிலும் கணிதத்தின் மூலம் காட்டினார். இன்றைய தொற்றுநோய்க் கணிதத்திற்கு இதுவே அடித்தளம்.

குளிர்காலமும் வறட்சியும்

ராசின் முறையைப் பின்பற்ற, கொசுக்கள் குறைவாகத் தென்படும் பருவத்தில் அவை எங்குள்ளன என்று அறிய வேண்டும். குளிர்நாடுகளில் கியூலெக்சு இனப் பெண் கொசுக்கள் தாவரச் சாற்றை உண்டு கொழுப்பைச் சேமித்து, நிலவறைகளிலும் குகைகளிலும் உறங்குநிலையில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஏடிசு இனங்கள் பல முட்டைகளாகவும், வேறு சில உறைநீருக்கு அடியில் குடம்பிகளாகவும் (புழுக்களாகவும்) காத்திருக்கின்றன.

தமிழகத்தில் நிலைமை வேறு. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் மார்கழியிலும் கொசுப் பெருக்கம் நிற்பதில்லை. அருகிலுள்ள கல்வராயன் மலையின் குளிர்ந்த இரவுகளில் குடம்பி வளர நாட்கள் கூடும், அவ்வளவே. இங்கு கொசுவிற்குச் சோதனையான காலம் கோடை வறட்சியே. டெங்குவைப் பரப்பும் ஏடிசு எகிப்தியின் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மழை பெய்தவுடன் பொரிக்கும். ஆகவே தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆவதால் வாரம் ஒருமுறை இவ்வாறு செய்வது போதுமானது.

பயன்படாத ஆட்டுக்கல், உரல், கொட்டாங்குச்சி, பழைய டயர், குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியன எளிதில் கவனத்திற்குத் தப்புபவை. கிணறுகளும் மூடப்படாத மேல்நிலைத் தொட்டிகளும் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிசு இசுடீபன்சிக்கு ஏற்றவை. கிணற்றில் கம்பூசியா, கப்பி போன்ற மீன்களை விடுவது வழக்கம். மலையடிவார ஓடைகளில் பெருகும் அனாபிலிசு புளுவியாட்டிலிசை வீட்டுத் தூய்மையால் கட்டுப்படுத்த இயலாது. அங்கு கொசுவலையே முதன்மையான காப்பு.

இறுதிக்காலம்

1911-இல் சர் பட்டம் பெற்றார். மூத்த மகன் 1914-இல் முதல் உலகப்போரில் இறந்தார். 1923-இல் தன்வரலாற்றை வெளியிட்டார். 1926-இல் இலண்டனில் ராஸ் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1927 சனவரியில் கல்கத்தா மருத்துவமனையில் தமக்கென எழுப்பப்பட்ட நினைவு வாயிலைத் தாமே திறந்துவைத்தார். 1932-இல் இலண்டனில் காலமானார். 1897-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு நிகழ்ந்த கட்டடம் ஐதராபாத்தின் பேகம்பேட்டையில் நினைவிடமாகப் பேணப்படுகிறது.