மேகத்துக்குள் மறைந்த பாடகர்

கிறிஸ்மஸ் வந்தாலே நம்ம வீடுகள் சிலவற்றில் ஜிம் ரீவ்ஸ் குரல் கேட்கும். அவர் யாரென்று பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் கிராமமொன்றில் 1923-இல் பிறந்தவர். கைக்குழந்தையிலேயே தகப்பனை இழந்தார். பேஸ்பால் ஆட்டக்காரராக ஆசைப்பட்டார். காயம்பட்டு அது நின்றுபோச்சு. ரேடியோ அறிவிப்பாளராகி, பிறகு பாடகரானார். முதலில் சத்தமாகத்தான் பாடினார். பின்பு மைக்குக்குக் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் பாடினார். அந்தக் குரல்தான் உலகமெங்கும் போனது. 1962-இல் பக்திப் பாடல்களும், 1963-இல் கிறிஸ்மஸ் பாடல்களும் இசைத்தட்டாக வந்தன.

1964 ஜூலை 31. அவரே ஓட்டிவந்த சின்ன விமானம் நாஷ்வில் நகரத்துப் பக்கம் இடிமழையில் சிக்கி விழுந்தது. கூட வந்த பியானோ கலைஞர் டீன் மேனுவலும் மரித்தார். ஜனங்கள் காட்டில் தேடி, ஆகஸ்ட் 2-ஆம் தேதிதான் கண்டெடுத்தார்கள். அவருக்கு வயது 40.

கடலுக்குப் போன படகுக்காகக் கரையில் காத்திருக்கிற வைத்திக்குப்பத்து ஜனங்களுக்கு அந்த இரண்டு நாள் எப்படியிருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வயதை நானும் தாண்டிவிட்டேன். அடுத்த வருஷம் பாடிக்கலாம் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தால், அந்தக் கிறிஸ்மஸ் பாட்டு நமக்குக் கிடைத்திருக்காது. கர்த்தருக்கென்று செய்ய நினைக்கிறதை இன்றைக்கே செய்வோம். ஆமென்.