கிதாரும் அகராதியும்

அமெரிக்க நாட்டில் அடிமை முறை 1865ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு எட்டாண்டுகள் கழித்து, 1873 நவம்பர் 16ஆம் நாள், தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்துப் பிளாரன்ஸ் நகரில், மரக்கட்டைகளால் கட்டிய எளிய வீடொன்றில் வில்லியம் கிறிஸ்டோபர் ஹேண்டி பிறந்தார். புளூஸ் இசையின் தந்தை என உலகம் பின்னாளில் போற்றியது இவரைத்தான். அடிமைத்தளையினின்றும் விடுபட்ட குடும்பம் அவருடையது. பாட்டனாரும் தந்தையாரும் திருச்சபைப் போதகர்கள்.

சிறுவன் ஹேண்டியின் உள்ளத்தைக் கடையொன்றின் கண்ணாடிக்குள் இருந்த கிதார் கொள்ளை கொண்டது. காட்டுப் பழங்களும் கொட்டைகளும் பறித்து விற்றான்; சவர்க்காரம் காய்ச்சி விற்றான். காசு காசாகச் சேர்த்து அக்கருவியை வாங்கி வந்து, பெற்றோர் மகிழ்வர் என்றெண்ணி நீட்டினான். தந்தையாரோ அதைப் பாவத்தின் கருவியாகவே கண்டார். உடனே கடைக்குத் திருப்பியனுப்பி, அதற்கு ஈடாக வெப்ஸ்டர் பேரகராதியை வாங்கிவரச் செய்தார்.

அந்தத் தந்தையை நாம் எளிதில் குறைகூறிவிட முடியாது. எழுத்தறிவே மறுக்கப்பட்டிருந்த ஓர் இனத்தின் தந்தை, தம் மகனுக்கு அகராதியை விரும்பியதில் வியப்பென்ன?

ஆயினும் ஏக்கம் அடங்கவில்லை. மெம்பிஸ் நகரிலிருந்து ஜிம் டர்னர் என்னும் வயலின் கலைஞர் பிளாரன்சுக்கு வந்தார். அவருடைய வாசிப்பு ஹேண்டியை முற்றிலும் ஆட்கொண்டது. பழைய கார்னெட் என்னும் ஊதுகுழல் ஒன்றைத் தவணை முறையில் மறைவாக வாங்கினான். வெள்ளையர் இசைக்குழு பயிலும் முடிதிருத்தகத்தின் கரும்பலகையில் எழுதப்பட்டிருந்த விரலசைவுகளை வெளியே நின்று பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டான். பின்னர் வகுப்பறை மேசையின்மீது விரல்களை அசைத்துப் பழகினான்.

1892இல் ஆசிரியர் தேர்வில் வெற்றி பெற்றார். ஆனால் ஆசிரியர் ஊதியம் மிகக் குறைவென்று கண்டு, குழாய் வார்ப்பாலையில் உடலுழைப்புக்குச் சென்றார். 1896இல் ஊர் ஊராகச் செல்லும் கறுப்பினக் கலைக்குழுவில் சேர்ந்து அதன் இசைத் தலைவரானார். அக்குழுவின் நிகழ்ச்சியைக் காண வந்த தந்தையார் பெருமிதம் கொண்டு, இசைக்கலைஞனானதற்காக மகனை மன்னித்ததாக ஹேண்டி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். 1900 முதல் 1902 வரை ஹண்ட்ஸ்வில் நகரிலிருந்த கறுப்பின மாணவர் கல்லூரியில் இசை பயிற்றுவித்தார்.

மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் தொடர்வண்டி நிலையத்தில், 1903ஆம் ஆண்டளவில், ஓரிரவு அவர் வண்டிக்காகக் காத்திருந்தார். கந்தலுடுத்த ஏழையொருவர் அருகமர்ந்து, கத்தியைக் கிதாரின் தந்திகள்மீது அழுத்தி இழைத்து வாசித்தார். ஒரே அடியை மும்முறை பாடினார். அந்த ஒலி ஹேண்டியின் நெஞ்சைவிட்டு அகலவேயில்லை. கற்றவரான ஹேண்டிக்கு அன்று ஆசிரியராய் வாய்த்தவர், பெயர்கூட அறியப்படாத ஓர் ஏழை.

அன்று பறிபோன கிதார் இவ்வாறு அவரிடம் மீண்டு வந்தது. அகராதி ஊட்டிய கல்வியும் வீணாகவில்லை. ஏட்டில் ஏறாதிருந்த அந்த மக்களிசையைச் சுரக்குறிப்பாக எழுதி அச்சேற்ற அவரால் இயன்றது. 1912இல் மெம்பிஸ் புளூஸ் வெளிவந்தது. அதன் உரிமையை வெறும் 50 டாலருக்கு விற்றுவிட்டார். ஊதியமெல்லாம் பிறரைச் சேர்ந்தது. அந்த உரிமை அவரிடம் திரும்ப 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை. நண்பர் ஹாரி பேசுடன் சேர்ந்து சொந்தப் பதிப்பகம் கண்டு, 1914இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் பாடலைத் தாமே வெளியிட்டார். அது உலகெங்கும் பரவியது. முதுமையில் பார்வையை இழந்தும் பணியை விடாத அப்பெரியார் 1958 மார்ச் 28ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார். 1969இல் அமெரிக்க அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது.

நம் குல இளைஞர்களே! இவ்வெள்ளி விழா மலரில் கடல்கடந்த ஒருவரின் வரலாற்றை நான் எழுதக் காரணம் உண்டு. பல்லாண்டுகளுக்கு முன், வகுப்பு மேசையில் விரல்களால் பறையின் அடவைத் தட்டிய மாணவன் ஒருவனை நான் கடிந்து எழுப்பி நிறுத்தினேன். அவன் பாட்டனார் ஊர்ச் சாவுகளுக்குக் கட்டாயமாகப் பறையடிக்கப் பணிக்கப்பட்டவர். அந்த இழிவு பேரனைத் தொடரலாகாது என்பதே என் அச்சம். ஹேண்டியின் தந்தை செய்ததையே நானும் செய்தேன்.

ஏவலுக்கு அடிக்க மாட்டோம் என்று நம் முன்னோர் பறையைக் கீழே வைத்தது தன்மானம். அதை விரும்பி எடுத்து முறையாகப் பயில்வது கலை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. அகராதியை முதலில் கையிலெடுங்கள். அதை ஒருபோதும் கைவிடாதீர்கள். ஆனால் அதற்கு விலையாக நம் பறையைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. நம் இசையை நாமே எழுதி, நாமே உரிமை கொள்ளும் அறிவைத் தருவதும் கல்வியே.

அந்த மாணவன் இதைப் படிக்க நேர்ந்தால், தன் ஆசிரியரை மன்னிப்பானாக.