ஏணி செய்து தந்த கரிவரதன்

குட்டீஸ்! டி.வி.யில் பார்முலா 1 கார் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? 2005-ம் ஆண்டு அந்தப் பந்தயத்தில் முதன்முதலாக ஓர் இந்தியர் கார் ஓட்டினார். அவர் கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். அவரைப் போன்ற இளைஞர்கள் ஏறிச் செல்ல ஏணி செய்து தந்தவர் இன்னொரு கோவைக்காரர். அவர்தான் எஸ்.கரிவரதன்.

கரிவரதன் 1954-ல் பிறந்தார். கோவையின் புகழ்பெற்ற லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் பஞ்சாலைத் தொழில் இருந்தும், அவருடைய மனம் கார் இன்ஜின் பக்கமே போனது. சென்னைக்கு அருகில் உள்ள சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் அப்போது கார் பந்தயம் நடக்கும். அங்கே கார் ஓட்டிப் பெயர் வாங்கினார்.

அந்த நாளில் ஒரு சிக்கல் இருந்தது. நல்ல பந்தயக் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். விலையோ மிக அதிகம். வசதியானவர்களால் மட்டுமே வாங்க முடியும். அப்படி ஒருவர் ஜெயித்தால், ஜெயித்தது அவருடைய திறமையா, காரின் வேகமா? உங்கள் வகுப்பில் ஒருவருக்கு எளிய கேள்வித்தாளும், இன்னொருவருக்குக் கடினமான கேள்வித்தாளும் கொடுத்தால், யார் நன்றாகப் படித்தவர் என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்!

கரிவரதன் ஒரு வழி கண்டார். நம் ஊர்த் தெருக்களில் ஓடிய மாருதி 800 காரின் சிறிய இன்ஜினை எடுத்தார். ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய, குறைந்த விலைப் பந்தயக் காரை வடிவமைத்தார். அதுதான் 'பார்முலா மாருதி'. 1988-ல் இதன் பந்தயங்கள் தொடங்கின. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி இன்ஜின். இனி முந்துகிறவர் திறமையால்தான் முந்த வேண்டும்.

ஓர் இளம் ஓட்டுநர் பெரிய பந்தயத்துக்குத் தயாரா என்று எப்படி அறிவது தெரியுமா? ஒரே ஒரு சுற்றை வேகமாக ஓட்டினால் போதாது. ஒவ்வொரு சுற்றையும் ஏறக்குறைய அதே நேரத்தில் முடிக்க வேண்டும். வளைவில் சரியான இடத்தில் பிரேக் போட வேண்டும். பக்கத்தில் இன்னொரு கார் உரசுவதுபோல் வந்தாலும் பதறக்கூடாது. காரில் என்ன குறை என்று மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும். தயாராகாத ஒருவரை அதிவேகக் காரில் ஏற்றினால், அவர் உயிருக்கு மட்டுமல்ல, கூட ஓட்டுகிறவர்கள் உயிருக்கும் ஆபத்து!

நரேன் கார்த்திகேயனும் பார்முலா மாருதியில்தான் தொடங்கினார். முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக வந்தார். அதற்காக உடனே பார்முலா 1-க்குத் தாவிவிடவில்லை. 1992-ல் பிரான்ஸில் பந்தயப் பள்ளியில் படித்தார். பிறகு இங்கிலாந்தில் சிறிய பந்தயங்களில் ஓட்டினார். 1996-ல் பார்முலா ஏசியா பட்டம் வென்றார். பார்முலா 1-ஐ எட்ட மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இதையெல்லாம் பார்க்கக் கரிவரதனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ல் சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டித்தான் இருந்தது.

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளத்துக்கு அவர் நினைவாக 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்றும் இளைஞர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

குட்டீஸ், பாட்டோ, விளையாட்டோ, உங்களுக்கும் பெரிய மேடை ஏற ஆசை இருக்கும். முதலில் உங்கள் படியில் உறுதியாக நில்லுங்கள். அடுத்த படி தானே கைக்கு எட்டும்!