கண்ணாடித் தகட்டில் ஒரு வாழ்க்கை

மகளிர் மருத்துவத்தில் ‘பாப் பரிசோதனை’ என்னும் பெயரைக் கேட்டவர் பலர். அப்பெயரில் ஓர் அறிஞர் மறைந்திருப்பதை அறிந்தவர் சிலரே. அவர்தாம் ஜார்ஜ் பாப்பனிகொலாவ். விலங்கியல் மாணவியாகிய நான், எம் துறையில் தொடங்கி எண்ணற்ற பெண்களின் உயிர் காத்த அப்பெருமகனாரின் வரலாற்றை இங்குச் சுருங்கக் கூற விழைகிறேன். அவர் ஆராய்ந்த நோயைப் பற்றிப் பேச நாம் கூசுகிறோம். அக்கூச்சமே நோய்க்குத் துணை போவதால் அதனை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

கிரேக்க நாட்டின் யுபியா தீவிலுள்ள கிமி என்னும் ஊரில், 1883ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். ஏதென்சில் மருத்துவம் பயின்று 1904இல் பட்டம் பெற்றார். ஆனால் அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடிற்று. ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று, டாஃப்னியா என்னும் நன்னீர்ச் சிற்றுயிரில் ஆண், பெண் பால் வேறுபாடு அமையும் முறையை ஆராய்ந்து 1910இல் முனைவர் ஆனார். அவ்வாண்டே ஆண்ட்ரோமகி என்னும் நங்கையை மணந்தார். பின்னாளில் மேரி என அழைக்கப்பட்டவர் இவரே.

1913இல் இருவரும் நியூயார்க் சென்றனர். வயிற்றுப் பிழைப்புக்காக ஒரு பெருங்கடையில் கணவர் கம்பளம் விற்றார். மனைவி பொத்தான் தைத்தார். அடுத்த ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஆய்வுப் பணி கிட்டியது.

அங்குக் கினிப்பன்றிகளை ஆராய்ந்தார். சினைமுட்டை வெளிப்படும் காலத்தை, விலங்கைக் கொல்லாமல் அறிவது எங்ஙனம்? பிறப்புறுப்பின் கசிவை நாள்தோறும் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் கண்டார். நாளுக்கு நாள் செல்களின் வடிவம் மாறுவது புலனாயிற்று. ஸ்டாக்கார்டு என்பவருடன் சேர்ந்து 1917இல் இதனை வெளியிட்டார்.

பெண்களிடத்தும் இம்மாற்றம் உண்டா எனக் காண விழைந்தபோது முன்வந்தவர் மேரி அம்மையாரே. பல்லாண்டுகள் இடைவிடாது அவர் இச்சோதனைக்கு உடன்பட்டார். ஆய்வுக்கூடத்திலும் கணவருக்குத் துணை நின்றார். பரிசோதனையின் பெயரில் அவர் பெயர் இல்லை. எனினும் அவரின்றி அப்பரிசோதனை இல்லை.

பின்னர் நோயுற்ற பெண்களின் கசிவைப் பார்த்தபோது புற்றுநோய்ச் செல்கள் அவர் கண்ணில் பட்டன. உடலின் மேற்பரப்புச் செல்கள் தாமே உதிர்வன. நம் ஆய்வுக்கூடத்தில் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, சாயமேற்றிச் செல்களைப் பார்க்கிறோம் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். நலமான செல்லில் உட்கரு சிறிதாய், சீராய் இருக்கும். புற்றுச் செல்லிலோ பெருத்து, கறுத்து, உருக்குலைந்திருக்கும். 1928இல் இதனை அறிவித்தார். ருமேனிய அறிஞர் பாபெஷ் என்பவரும் 1927இல் இத்தகைய முடிவையே கூறியிருந்தார். சதையை வெட்டிப் பார்க்கும் முறை இருக்க இது எதற்கு என்று மருத்துவ உலகம் முகம் திருப்பிக்கொண்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை. மகளிர் மருத்துவர் டிராட் துணையுடன் மீண்டும் ஆராய்ந்து, 1941இல் கட்டுரையும் 1943இல் நூலும் வெளியிட்டார். புற்றாக மாறுமுன்னரே கருப்பை வாயின் கேட்டைக் காட்டவல்லது அம்முறை என்பதை உலகம் உணர்ந்தது. அது பரவிய பின், அமெரிக்காவில் இந்நோயால் நேரும் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கிற்று. 1961இல் மயாமி நகருக்குப் பெயர்ந்த அவர், 1962 பிப்ரவரி 19ஆம் நாள் மறைந்தார்.

செல் கெடுவதைக் கண்ட அவர், அதனைக் கெடுப்பது எது என்பது தெளிவாகுமுன் மறைந்தார். அவர் முறையில் அமைந்த தகடுகளில், உட்கருவைச் சுற்றி வெளிறிய வளையம் கொண்ட செல்கள் தென்படுவதுண்டு. அவை மனிதப் பாப்பிலோமா வைரஸின் வேலை என 1976இல் கனடாவில் கூறப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் ஸுர் ஹவுசன் குழுவினர் 1983இல் அதன் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் கருப்பை வாய்ப் புற்றில் கண்டனர். ஏறத்தாழ நூற்றுக்கு 70 நோயாளிகளுக்கு இவ்விரண்டே காரணம். ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வைரஸ் உடலுறவின்போது தோலோடு தோல் உராய்வதால் பரவுகிறது. உடலுறவு வாழ்வில் புகுந்த ஆண், பெண் பெரும்பாலோர் என்றேனும் ஒருமுறை இதனைப் பெறுகின்றனர். பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே இதனை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கி, பத்தாண்டுகளுக்கு மேலும் கழித்துப் புற்றாகலாம். ஆணிடம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் தோன்றாது. தன்னையறியாமலே மனைவிக்குத் தருவான். ஆகவே, ஒரு பெண்ணுக்கு இது உண்டெனத் தெரிந்தால், யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தது என எவராலும் உறுதியாகக் கூற இயலாது. அதைக் கொண்டு அவள் ஒழுக்கத்தை அளப்பது அறியாமை. கணவன்மீது உடனே பழி சுமத்துவதும் அத்தகையதே. இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே பெண்கள் பலர் பரிசோதனைக்குச் செல்வதில்லை. தீர்க்கக்கூடிய நோய் தீராத நோயாவது இங்ஙனமே.

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுக்கு அடுத்த இடம் இதற்கே உரியது. 2006 முதல் தடுப்பூசி உண்டு. உடலுறவு வாழ்வு தொடங்குமுன் போடுவதே சிறப்பு. ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். ஊசி போட்ட பெண்களுக்கும் உரிய வயதில் பரிசோதனை தேவை.

பாப்பனிகொலாவ் எந்தப் பெண்ணின் நடத்தையையும் ஆராய்ந்தாரல்லர். அவள் செல்லின் உட்கருவை ஆராய்ந்தார். தோழர்களே, தோழியரே! நம் இல்லங்களில் அன்னையரும் தமக்கையரும் இருக்கின்றனர். பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல நாம் முன்வந்தால், அதுவே அவ்வறிஞருக்கும், பெயர் மறைந்த மேரி அம்மையாருக்கும் நாம் செலுத்தும் நன்றியாகும்.