ஒரு ரூபாய்க்கு கணக்கு நோட்ஸை விற்ற இளைஞர் ‘நாவல் சக்கரவர்த்தி’ ஆனது எப்படி? பிரேம்சந்தின் கதை

1899, வாரணாசியில் ஒரு குளிர்கால மாலை. கையில் காசு இல்லை. ஒண்ணு ரெண்டு நாளா வறுத்த கடலைதான் சாப்பாடு. கடன் கேட்கவும் கூச்சம். வேறு வழியே இல்லாமல், ரெண்டு ரூபாய் கொடுத்து வாங்கின கணக்கு நோட்ஸை எடுத்துக்கொண்டு பழைய புத்தகக் கடைக்குப் போகிறார் ஓர் இளைஞர். கடைக்காரர் தந்தது ஒரு ரூபாய்.

அதை வாங்கிக்கொண்டு கடைப்படி இறங்கும்போது, அங்கே இருந்த மீசைக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். என்ன படிக்கிறீங்க, வேலை ஏதும் பார்க்கிறீங்களா என்று விசாரித்தார். அவர் ஒரு சின்னப் பள்ளியின் தலைமை ஆசிரியர். உதவி ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். மாதம் 18 ரூபாய் சம்பளத்தில் அங்கேயே வேலை உறுதியானது.

அந்த இளைஞரின் பெயர் தன்பத் ராய். பிரேம்சந்த் என்று இன்றைக்கு நாடே அறிந்த எழுத்தாளர். இந்தி, உருது இரண்டு மொழிகளிலும் நவீன சிறுகதைக்கும் நாவலுக்கும் அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர். ஆனால் அந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்த பாதை நேரானது இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒரு தடை, ஏதோ ஒரு தாமதம்.

முதல் கதையே காணாமல் போனது

1880 ஜூலை 31-ம் தேதி வாரணாசி அருகே லம்ஹி கிராமத்தில் பிறந்தார். அப்பா தபால் அலுவலக குமாஸ்தா. எட்டு வயது வாக்கில் அம்மாவை இழந்தார். அப்பா மறுமணம் செய்துகொண்டார். அம்மா இல்லாத வீட்டில் அந்தப் பையனுக்கு ஆறுதலாக இருந்தது கதைப் புத்தகங்கள்தான்.

புத்தகம் வாங்கக் காசு? அதுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். நம்ம ஊர் கோனார் நோட்ஸ் மாதிரியான புத்தகங்களைக் கடையிலிருந்து எடுத்துப்போய்ப் பள்ளியில் விற்றுக் கொடுப்பார். அதற்குப் பதிலாக அந்தக் கடை நாவல்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக்கொள்ளலாம்.

அப்படிப் படித்துப் படித்து, உறவுக்காரர் ஒருவரைக் கிண்டல் பண்ணி ஒரு நாடகம் எழுதினார். அதுதான் அவரோட முதல் படைப்பு. ஆனால் அந்த உறவினர் கண்ணில் பட்டதும் கையெழுத்துப் பிரதி காணாமல் போய்விட்டது. நெருப்புக்குப் போயிருக்கும் என்றுதான் பிரேம்சந்த் பிற்காலத்தில் நினைத்தார்.

கணக்கு காலை வாரியது

15 வயதில் வீட்டார் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். 1897-ல் அப்பா இறந்துவிட்டார். மொத்தக் குடும்பமும் இவர் தலையில். மெட்ரிக்குலேஷனில் இரண்டாம் வகுப்புதான் கிடைத்தது. கட்டணச் சலுகை முதல் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும் என்பதால் குயீன்ஸ் கல்லூரிக் கதவு மூடியது. அடுத்து சென்ட்ரல் இந்து கல்லூரிக்குப் போனார். அங்கே கணக்கு காலை வாரிவிட்டது.

ஒரு வக்கீல் வீட்டுப் பையனுக்கு டியூஷன் எடுத்தார். மாதம் 5 ரூபாய். தங்குவதற்குக் குதிரை லாயத்துக்கு மேலே ஒரு மண் அறை. வாங்குகிற சம்பளத்திலும் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பிடணும். கணக்கு நோட்ஸை விற்கும் நிலைமை இப்படித்தான் வந்தது.

ஆசிரியர் வேலை கிடைத்த பிறகும் கணக்கு விடவில்லை. இன்டர்மீடியட் தேர்வில் திரும்பத் திரும்ப அதில்தான் சறுக்கினார். கணக்கு விருப்பப் பாடமாக மாறிய பிறகு, 1916-ல் தேர்ச்சி பெற்றார். 1919-ல் பி.ஏ. முடித்தபோது அவருக்கு வயது 38-ஐத் தாண்டியிருந்தது. ஆனா, பட்டம் வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பகலில் பள்ளி வேலை, மீதி நேரத்தில் எழுத்து என்று ஓடிக்கொண்டே இருந்தார்.

எரிக்கப்பட்ட புத்தகம்

கான்பூரில் தயா நாராயண் நிகம் நடத்திய ‘ஜமானா’ என்ற உருது இதழில் எழுத ஆரம்பித்தார். புனைபெயர் நவாப் ராய். 1908 வாக்கில் அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு ‘சோஸ்-ஏ-வதன்’ வெளிவந்தது. ஐந்து கதைகளும் தேசப்பற்றைப் பேசுபவை.

அப்போது அவர் அரசு ஊழியர். பள்ளிகளை ஆய்வு செய்யும் துணை ஆய்வாளராக ஹமீர்பூர் மாவட்டத்தில் இருந்தார். நவாப் ராய் யார் என்று ஆங்கிலேய அரசு கண்டுபிடித்துவிட்டது. மாவட்ட கலெக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. மாட்டு வண்டியில் இரவோடு இரவாகப் பயணம். போய் நின்றால், கலெக்டரின் மேஜையில் அவர் புத்தகம்.

ஒவ்வொரு கதைக்கும் அர்த்தம் கேட்டார் கலெக்டர். இது ராஜதுரோகம் என்றார். முகலாயர் ஆட்சியாக இருந்திருந்தால் கையையே வெட்டியிருப்பார்கள் என்றும் சொன்னார். விற்காமல் இருந்த நூற்றுக்கணக்கான பிரதிகளை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அத்தனையும் எரிக்கப்பட்டன. இனி எதை எழுதினாலும் முதலில் காட்டி அனுமதி வாங்கணும் என்று உத்தரவு.

எழுதினால் வேலை போகும். வேலை போனால் குடும்பத்துக்குச் சோறு இல்லை. எழுதாமலும் அவரால் இருக்க முடியாது. என்ன செய்வது?

நிகம் ஒரு யோசனை சொன்னார்: பெயரை மாற்றிக்கொள்ளலாமே! நவாப் ராய் என்ற பெயரில் ஓரளவு அறிமுகம் கிடைத்திருந்த நேரம். அதை விட்டுவிட்டு மறுபடி ஒண்ணாம் நம்பரிலிருந்து தொடங்கணும். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் ஒத்துக்கொண்டார். 1910 டிசம்பர் ஜமானா இதழில் வந்த கதையில் முதல்முறையாக ‘பிரேம்சந்த்’ என்ற பெயர் இருந்தது.

மொழியையே மாற்றினார்

அடுத்த சிக்கல் பதிப்பாளர்கள். உருதுவில் புத்தகம் போட ஆள் கிடைப்பது கடினம், வருமானமும் குறைவு. ‘பஜார்-ஏ-ஹுஸ்ன்’ என்ற பெரிய நாவலை உருதுவில் எழுதி வைத்திருந்தார். கல்கத்தா பதிப்பாளர் ஒருவர் 450 ரூபாய் தர முன்வந்ததால், அது ‘சேவாசதன்’ என்ற பெயரில் 1919-ல் முதலில் இந்தியில் வந்தது. அவர் எழுதிய உருது வடிவம் அச்சேற 1924 ஆனது. அதற்குக் கிடைத்தது 250 ரூபாய்தான்.

இந்தி வாசகர்கள் கொண்டாடினார்கள். உருதுவில் பழகிய கை, மெல்ல மெல்ல இந்திக்கு மாறியது.

வேலையை விட்டார், கடனில் சிக்கினார்

1921 பிப்ரவரியில் கோரக்பூர் வந்த காந்தியின் பேச்சைக் கேட்டார். அரசு வேலையை விட்டு வெளியேறச் சொன்ன அழைப்பு அது. இவருக்கோ உடம்பு சரியில்லை. சின்னச் சின்னக் குழந்தைகள், மனைவி சிவராணி தேவி கர்ப்பிணி. சில நாள் யோசித்து, மனைவியின் சம்மதத்தோடு ராஜினாமா செய்தார். 20 ஆண்டு அரசு வேலை முடிவுக்கு வந்தது.

1923-ல் வாரணாசியில் ‘சரஸ்வதி பிரஸ்’ தொடங்கினார். நஷ்டம். 1930-ல் ‘ஹன்ஸ்’ இதழ். அதிலும் கையைச் சுட்டுக்கொண்டார். கடனை அடைக்க 1934-ல் பம்பாய் போய்ச் சினிமாவுக்குக் கதை எழுதினார். மில் தொழிலாளர்களைப் பற்றிய அந்தப் படம் தடையில் சிக்கியது. சினிமா உலகம் ஒத்துவராமல் 1935-லேயே ஊர் திரும்பிவிட்டார்.

திரும்பி வந்தவர் கையிலிருந்த நாவலை முடித்தார். ஒரு பசு மாடு வாங்க ஆசைப்படும் ஏழை விவசாயி ஹோரியின் கதையான ‘கோதான்’ 1936-ல் வெளியானது. இந்தி நாவல்களில் தலைசிறந்ததாக இன்றும் பேசப்படுவது அதுதான். அதே ஆண்டு அக்டோபர் 8-ம் தேதி, 56 வயதில் பிரேம்சந்த் காலமானார்.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

உருதுவில் பதிப்பாளருக்காகக் காத்துக் கிடந்த நாவல் ஞாபகம் இருக்கா? அதே கதையைத்தான் இயக்குநர் கே. சுப்ரமணியம் ‘சேவாசதனம்’ என்று தமிழில் படமாக்கினார். 1938-ல் வெளியான அந்தப் படத்தில்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி திரையில் அறிமுகமானார்.

அதைப் பார்க்க பிரேம்சந்த் உயிரோடு இல்லை. ஆனால் அவர் கதை, அவர் எழுதவே செய்யாத ஒரு மொழியில் தியேட்டர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது.